சாம்பாயியின் சுயம்வரமும் ருசி பார்த்த பல்லியும்

ஒரு காட்டில் ஒரு சிங்க ராஜா இருந்தார். எல்லாக் காட்டிலும்தான் இருக்கிறார், அதில் என்ன அதிசயம்? இவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது என்பதுதான் இந்தக் கதைக்கு வேண்டிய விஷயம். ராஜாவை அப்படியே ஓரமாக உட்கார வைத்துவிட்டு வாருங்கள், நாம் குளத்தங்கரைக்குப் போவோம்.

குளத்தங்கரையில் ஒரு நொச்சிப் புதர் இருந்தது. அந்தப் புதரில் அந்துப்பூச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அரிசிக் குறுணை அளவுதான். நிறம் சாம்பல். இலைமேல் உட்கார்ந்திருந்தால் கொசுவத்தியிலிருந்து உதிர்ந்த சாம்பல் என்று நினைத்து ஊதிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இதே மாதிரிப் பூச்சிகள் பக்கத்துப் புங்க மரத்திலும் இருந்தன. கிளுவையில் இருந்தன, ஆவாரையில் இருந்தன, எருக்கிலும் இருந்தன. எல்லாம் அதே குறுணை அளவு, அதே சாம்பல், இறக்கை ஓரத்தில் அதே குஞ்சம். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் ஒன்று. ஆனால் அவை ஒன்றே அல்ல. ஒவ்வொரு செடிக்கும் ஓர் இனம். எல்லாரும் பங்காளிகள்தான், ஆனால் அடுப்பு வேறு வேறு. நொச்சிப் புழு நொச்சி இலைக்குள் மட்டும்தான் சுரங்கம் தோண்டித் தின்னும். புங்க இலையை வாயில் வைத்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற பேச்சும் இவர்களுக்குள் கிடையாது. ஏதோ ஊர்க்கட்டுப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கு விஷயம். நொச்சிக் கன்னி ஒருத்தி பொழுது சாய்கிற நேரத்தில் காற்று பார்த்து உட்கார்ந்து வால் நுனியைத் தூக்கினால் ஒரு வாசனை கிளம்பும். காட்டின் அந்தக் கோடியில் இருக்கும் நொச்சிப் பையன்கள்கூட விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் பக்கத்து இலையிலேயே ஒரு புங்கப் பையன் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. "இன்னைக்கு ஒரே புழுக்கமா இருக்குல்ல?" என்பான், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இறக்கை முளைத்த பிறகு இவர்களுக்குச் சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துத்தான் ஒரு வார ஆயுளை ஓட்ட வேண்டும். அப்படியானால் பேச மட்டும் வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். கதையில் பேச வாய் எல்லாருக்கும் உண்டு.

நம் சாம்பாயி நொச்சிக் கன்னி. அன்று காலையில்தான் கூட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தாள். இறக்கை காய்ந்ததும் எந்த இலை மெத்தென்று இருக்கிறது, எங்கே முட்டை வைக்கலாம் என்று புதரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மாப்பிள்ளை வருவதற்கு முன்பே தொட்டிலுக்கு இடம் பார்க்கிற சமர்த்து. அப்போது மைனா ஒன்று ஒலிபெருக்கியோடு வந்து கத்திவிட்டுப் போனது.

"மாட்சிமை தாங்கிய ராஜா அவர்களுக்கு உடம்பில் சர்க்கரை கூடிவிட்டதாலும், தினமும் நடக்க வேண்டும் என்று கரடி டாக்டர் சொல்லிவிட்டதாலும், குளத்தைச் சுற்றி நடைபாதை போடப்படும். இடைஞ்சலாக இருக்கும் நொச்சிப் புதர் அப்புறப்படுத்தப்படும். டும் டும்."

டும் டும் என்பதையும் மைனாவே வாயால் சொன்னது. முரசு வாங்க நிதி இல்லையாம்.

காட்டிலேயே நொச்சி இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். சாம்பாயி நேராகத் தன் சித்தப்பா தூசிமுத்துவிடம் போனாள். தூசிமுத்துவுக்கு ஆயுள் முடிகிற நேரம். இறக்கைத் தூளெல்லாம் உதிர்ந்து பாதி வழுக்கையாக ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இலையே இல்லாம முட்டையை எங்க வைக்கிறது? ஆகாயத்துலயா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் இன்னைக்கோ நாளைக்கோ போறவன். ஆபீஸ்ல போய்க் கேளு."

ஆபீஸில் வரிசை நீளமாக இருந்தாலும் ஒழுங்காக இருந்தது. நடுவில் ஒரு முள்ளம்பன்றி நின்றதால் யாரும் முண்டியடிக்கவில்லை. சாம்பாயியின் முறை வந்தபோது ராஜாவின் செயலாளர் நரியார் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே "அடுத்து" என்றார். யாரும் தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த தூசியை ஊதப் போனார்.

"ஐயா, ஊதாதீங்க, நான்தான்!" என்று கத்தினாள் சாம்பாயி. "நொச்சியை வெட்டாதீங்கய்யா. எங்க இனத்துக்கு அது ஒண்ணுதான் வீடு."

"உங்க இனமா? எது உங்க இனம்?" நரியார் திரையைத் தட்டினார். "பொடி அந்து. இனம் ஒண்ணு. வசிப்பிடம், செடி கொடி. போதுமா? புங்க மரத்துல உன்னை மாதிரியே ஆயிரம் உக்காந்திருக்கு. அங்க போய் ஒண்டிக்க."

"அவங்க வேறய்யா. நாங்க வேற. எங்க பிள்ளைகளுக்குப் புங்க இலை ஒத்துக்காது."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா. எங்க பாட்டன் காலத்துல திராட்சை சாப்பிட்டோம். இப்ப நான் கத்திரிக்காய் சாப்பிடல?"

சாம்பாயி அழுதாள். குறுணை அளவு உடம்புக்கு அந்த அழுகை ரொம்பப் பெரியது. நரியாருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க பாரும்மா. பெரிய ராஜா காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு இனத்துக்கு ஒரே ஒரு செடிதான் வீடுன்னா, அந்தச் செடி மேல ராஜாவே கை வைக்க முடியாது. ஆனா நீ தனி இனம்னு நிபுணர் சொல்லணும். அந்துப்பூச்சி விஷயத்துல நிபுணர்னா உச்சுக்கொட்டியார் ஒருத்தர்தான். பழைய விடுதிச் சுவத்துல, டியூப் லைட்டுக்குப் பக்கத்துல இருப்பாரு."

உச்சுக்கொட்டியார் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லி. அவர் ஒரு பேச்சின் நடுவே "உச் உச்" என்றால் அது சத்தியம் என்று மனிதர்களே நம்புகிறார்கள், காடு நம்பாதா? அந்துப்பூச்சிகளைப் பற்றி அவர் அளவுக்கு நெருங்கிப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மைதான்.

சாம்பாயி சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், சுவரிலிருந்து நல்ல தூரம் தள்ளி நின்று விஷயத்தைச் சொன்னாள். பல்லியார் ஒரு நொச்சி அந்தையும் விளக்கடியில் இருந்த ஒரு புங்க அந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மற்றக் கண்ணால் பார்த்தார். பனித்துளி வழியாகப் பார்த்தார். கடைசியில் எது எது என்று அவருக்கே குழம்பிவிட்டது.

"வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. வித்தியாசம் எல்லாம் உள்ள இருக்கு."

"உள்ள இருக்கறதை எப்படிய்யா பாக்கறது?"

"பாக்க முடியாது. ருசிக்கத்தான் முடியும்." பல்லியார் பவ்யமாக நாக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்க தரப்புல ஒரு சாம்பிள் வேணும். விஞ்ஞானம்மா. நான் ஆசைப்பட்டுக் கேக்கல."

சாம்பாயி இரண்டடி பின்வாங்கினாள். இனம் என்று நிரூபிக்க ஒருவர் உள்ளே போக வேண்டும், என்ன நியாயம் இது? அவளே போய்விட்டால் முட்டை யார் வைப்பது? அப்போது தூசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார்.

"நான் போறேன். சாயங்காலம் எப்படியும் சாகப் போறவன். ஒரு மணி நேரம் முன்னாடி போனா ஒண்ணும் குடி முழுகிடாது."

"சித்தப்பா!"

"அழாதே. எனக்கு ஒரு சிலை மட்டும் வைங்க."

தியாகம் என்பது எவ்வளவு உயர்ந்தது என்று இந்த இடத்தில் நான் ஒரு பத்தி சொல்லியிருப்பேன். அதற்குள் பல்லியார் அவரை வாயில் போட்டுக்கொண்டுவிட்டார்.

ஒரு கடி கடித்தார். முகம் கோணியது. கண் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றன. "த்தூ!" என்று தூசிமுத்து ஒரு பக்கம் பறக்க, அதிர்ச்சியில் பல்லியாரின் வால் அறுந்து இன்னொரு பக்கம் விழுந்து துடித்தது. கொசுவை விரட்ட மனிதர்கள் புகை போடுகிறார்களே, அதே நொச்சி! அதைத் தவிர வேறெதையும் தின்னாமல் வளர்ந்த உடம்பு தூசிமுத்துவுக்கு.

"தனி இனம்!" என்று அலறினார் பல்லியார். "சந்தேகமே இல்ல, படுபயங்கரமான தனி இனம்! உச் உச் உச்! தண்ணி, தண்ணி!"

தூசிமுத்து கீழே கிடந்து ஓர் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். "நான் உசுரோடதான் இருக்கேனா? அப்ப சிலை?" என்றார்.

நொச்சி அந்து தனி இனம் என்று நரியார் கணினியில் ஏற்றினார். புதருக்கு முன்னால் 'கை வைக்காதே' என்று பலகை வைத்தார்கள். சாம்பாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் பொழுது சாய்ந்ததும் வால் தூக்கிவிட வேண்டியதுதான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரே சாம்பல் மேகம். காட்டிலுள்ள அந்துப்பூச்சிகள் எல்லாம் அங்கேதான் நின்றன. முன்னால் புங்க அந்துகளின் தலைவர் புங்கராசு. அகில வன அந்துப்பூச்சிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தேர்தல் எப்போது நடந்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"நாங்களும் நொச்சிதான்!" என்றார் புங்கராசு.

"நாங்களும் நொச்சிதான்!" என்றது கூட்டம். கிளுவை, ஆவாரை, எருக்கு, எல்லாரும்.

நொச்சி அந்து பல்லிக்கு ஆகாது என்ற செய்தி காட்டுத் தீ மாதிரி பரவியிருந்தது. அதற்கப்புறம் எவன் புங்கனாக இருப்பான்? பல்லியாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மொட்டை வாலோடு வந்தவர் கூட்டத்தைப் பார்த்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை நாக்குல வைக்க மாட்டேன். சொல்றாங்கன்னா இருக்கும். விடுங்க," என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு சுவருக்கு ஓடிப்போனார்.

நரியாருக்கு வாயெல்லாம் பல். "ஆக, பொடி அந்து எல்லாம் நொச்சி அந்து. நொச்சி அந்து புங்கத்துலயும் இருக்கு, கிளுவைலயும் இருக்கு, ஆவாரைலயும் இருக்கு. அப்ப நொச்சிப் புதர் ஒண்ணுதான் வீடுன்னு எப்படிச் சொல்றது? பலகையை எடுங்கப்பா. நாளைக் காலையில பன்னியை வரச் சொல்லுங்க."

காட்டுப்பன்றி அன்றைக்கே கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டு வந்து புதரை அளந்து பார்த்துவிட்டுப் போனது. சாம்பாயி பதறிப்போய் புங்கராசுவைத் தேடிப் போனாள். அவர் விடுதிச் சுவரில், பல்லியாருக்கு எதிரிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, நீங்க புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்க புதர் பிழைச்சுடும்."

"தாயி, நல்லா இருப்பே. நான் புங்கன்னு சொன்னா உம் புதர் பிழைக்கும். நான் பிழைப்பேனா?" என்றார் புங்கராசு. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். "கவலையை விடு. எங்க தம்பி மகன் ஒருத்தன் இருக்கான், லட்சணமான பையன். உன்னையே அவனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம். இப்பத்தான் நாம எல்லாம் ஒரே இனம் ஆயாச்சே. உம் பிள்ளைகளும் புங்க இலையைத் தின்னு பழகிடும்."

சாம்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகிடுமாம்! திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பி மகன். கல்யாணம். மூக்கு.

"அப்படியே செஞ்சுடுவோம் தலைவரே," என்றாள் குழைவாக. "ஆனா ஒருத்தர் வந்து கேட்டு நான் தலையாட்டினா நல்லா இருக்காது. எல்லாரும் வரட்டும். இன்னைக்குச் சாயங்காலம் இதே சுவத்துல சுயம்வரம் வெச்சுக்குவோம்."

"பேஷ்!" என்றார் புங்கராசு.

அவர் கிளம்பியதும் சாம்பாயி பல்லியாரிடம் போனாள். அவர் நிலைமை பரிதாபமாக இருந்தது. எது நொச்சி, எது இல்லை என்று தெரியாமல் எதையும் தொடப் பயந்து, ஒரே ஒரு கொசுவைப் பிடித்து நாலு வாயாகக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்துப்பூச்சிகள் அவர் தலைமேலேயே ஏறி விளையாடின. ஒன்று அவர் மூக்கில் உட்கார்ந்து "எங்க, தின்னு பாப்போம்?" என்று கேட்டதாம். ஒரு நிபுணருக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்?

சாம்பாயி அவர் காதில் ஏதோ சொன்னாள். பல்லியாரின் தொப்பை ஒருமுறை ஏறி இறங்கியது.

"நிச்சயமா தெரியுமா தாயி?"

"எங்க பையங்களுக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்களுக்குப் புழுக்கம் மட்டும்தான் தெரியும்."

பொழுது சாய்ந்தது. டியூப் லைட் கண் சிமிட்டி எரிந்தது. சுவரெல்லாம் சாம்பல். கீழே நரியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பன்றி கோரைப்பல்லோடு தயாராக இருந்தது. சாம்பாயிக்குப் பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடி, காற்று பார்த்து உட்கார்ந்து, வால் நுனியைத் தூக்கினாள்.

அடுத்த நொடி நொச்சிப் பையன்கள் பாய்ந்தார்கள். ஒருவன்மேல் ஒருவன் விழுந்தான். ஒருவன் நரியாரின் காதுக்குள் புகுந்து மறு காது வழியாக வர முடியுமா என்று பார்த்தான். அங்கே புதரில் காம்பைப் பிடித்துக்கொண்டு சாகக் கிடந்த தூசிமுத்துகூட எழுந்து இரண்டடி வந்துவிட்டு, "ஐயோ, நம்ம அண்ணன் பொண்ணு!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மற்றவர்கள் எல்லாரும் விளக்கைப் பார்த்தபடி சிவனே என்று உட்கார்ந்திருந்தார்கள்.

பல்லியார் மெதுவாக நகர்ந்து புங்கராசுவின் பக்கத்தில் போனார். "தலைவரே, பொண்ணோட வாசனை எப்படி?"

புங்கராசு திடுக்கிட்டார். காற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தலைவர் அல்லவா? "அடடா! என்ன வாசனை, என்ன வாசனை! மல்லிகைப்பூ மாதிரி!"

"உங்களுக்கு?" என்று கிளுவைக்காரரைக் கேட்டார் பல்லியார்.

"பால் பாயசம் மாதிரி இருக்குங்க. முந்திரி தூக்கலா."

"உங்களுக்கு?"

எருக்குக்காரர் ரொம்ப யோசித்தார். "பெட்ரோல் மாதிரி கும்முன்னு," என்றார்.

நிஜமாகவே வாசனை பிடித்தவன் ஒருவனும் பதில் சொல்லவில்லை. அவர்கள் பேசுகிற நிலையில் இல்லை.

பல்லியார் புங்கராசுவை நாக்கின் நுனியால் பயந்து பயந்து தொட்டார். பிறகு எடுத்தார். பிறகு மென்றார். அவர் முகத்தில் மலர்ந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்? பட்டினி கிடந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

"எண்ணெய்ச் சத்து... கடைசியில லேசாக் கசப்பு... இது வேற! தனி இனம்! உச் உச்! எழுதிக்குங்க, புங்க அந்து!"

நரியார் தட்டினார். பல்லியார் அடுத்தவரிடம் போனார். "புளிப்பு. பிசின் வாசம். தனி இனம்! கிளுவை அந்து! உச் உச்!"

மற்றவர்கள் ஓடியிருக்கலாம். ஓட வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் போக அந்துப்பூச்சிக்கு வராது.

எருக்கு அந்தை மட்டும் துப்பிவிட்டார். அதற்கும் தனி இனம் என்று பெயர் கிடைத்தது. விளக்கு அணைந்தபோது பட்டியலில் 'பொடி அந்து, ஒன்று' என்று இருந்த இடத்தில் வரிசையாக இனங்கள் நின்றன. இவ்வளவு சின்னக் குடும்பத்தில் இத்தனை வகையா என்று நரியாரே வாயைப் பிளந்தார்.

ஆனால் பாதை எங்கே போடுவது? நொச்சியைத் தொட முடியாது. புங்கத்தைத் தொட முடியாது, அது புங்க அந்தின் ஒரே வீடு. கிளுவை, ஆவாரை, எருக்கு எதையும் தொட முடியாது. நரியார் தலையைச் சொறிந்துகொண்டு போய் ராஜாவிடம் சொன்னார்.

ராஜா ஒரு பெருமூச்சு விட்டார். "ஐயோ பாவம், நான் நடக்கத்தான் துடிச்சேன். என்ன செய்யறது, சட்டம்னா சட்டம்தான்," என்று படுத்தவாக்கிலேயே சொல்லிவிட்டு, தேன் கிண்ணத்தை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

சாம்பாயிக்குக் கல்யாணம் ஆயிற்று. நரியாரின் காதிலிருந்து ஒருவழியாக வெளியே வந்தவன்தான் மாப்பிள்ளை. நொச்சி இலையின் அடியில் முட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு அவள் இளைப்பாறியபோது புங்கராசுவின் ஞாபகம் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. தாயி என்று கூப்பிட்ட மனிதர். ஆனால் ஒரு வார ஆயுளில் வருத்தத்துக்கு எவ்வளவு நேரம்தான் ஒதுக்க முடியும்?

புங்க அந்துகள் கோபமாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். தங்கள் தலைவர் உயிரைக் கொடுத்துத் தங்களுக்குத் தனிப் பெயர் வாங்கித் தந்தார் என்று விழா எடுத்தார்கள். மாலை போட உடல் வேண்டுமே? தலைவரின் உடல் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போட முடியும்? பல்லியாரின் தொப்பைக்கு மாலை போட்டு, எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். விழா சாயங்காலம், விளக்கடியில். பல்லியார் கண் கலங்கி நன்றி சொல்லி, வந்தவர்களில் சிலரைத் தங்கிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்.

தூசிமுத்து மட்டும் கடைசி மூச்சுவரை தன் சிலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார்.

நீதி: நீ யார் என்று நிரூபிக்க மெனக்கெடாதே. பக்கத்தில் இருப்பவர் ருசியானவர் என்று நிரூபித்துவிடு. உன் இலையை ஒருவரும் தொடமாட்டார்கள்.